ரோமாபுரியில் தீட்டு

சன்னலோரம் நான் உக்காந்துக்கறனுங்க தம்பி. நீங்க எங்க எறங்கறீங்க? தாராபுரமா? அப்பச் சரி. நான் முன்னாலயே வாய்க்காப்பாலத்துல எறங்கிருவேன். ஒரு கருமாதிங்க. இன்னிக்குப் பதினாறாம் நாளு. என்ற சித்தப்பன் மகன், சென்னியப்பன்னு பேரு. பங்காளி.

அட, நீங்க மூஞ்சியச் சுருக்காதீங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு பல வருசமாச்சு. ஆனாப் பங்காளின்னா பங்காளிதானுங்களே. பேசுனாலும் தீட்டுத்தான், பேசாட்டியும் தீட்டுத்தான். அந்தத் தீட்டு என்னைய எங்க வந்து புடிச்சுதுன்னு கேளுங்க. ரோமுல. இத்தாலி ரோமுல வந்து புடிச்சுது.

சிரிக்கறீங்க பாருங்க. எல்லாருந்தான் சிரிச்சாங்க. மாட்டிக்கிட்டவனுக்குத்தான் தெரியும்.

திருப்பூர்ல எனக்குச் சின்னதா ஒரு பனியன் கம்பெனி. ஏத்துமதி பண்றவங்களுக்குத் தெச்சுக் குடுக்கறது. ஆயுசுக்கும் ஐரோப்பாக்காரனுக்குச் சட்டை தெச்சாச்சு, அத அவன் போட்டுட்டுத் திரியறத ஒருதடவை கண்ணுல பாக்கோணும்னு ஆசை. எங்கூட்டுக்காரி ருக்மணியும் கட்டி வந்த நாள்ல இருந்து பழனி, திருச்செந்தூரத் தாண்டுனதில்லை. டூர் போலாம்னேன், எந்த ஊருங்கன்னு கேட்டா. நான் ரோசனையே பண்ணல. ரோமுன்னுட்டேன்.

அதுக்கு ஒரு காரணம் இருக்குதுங்க. ஆறாவது படிக்கையில வரலாறு புஸ்தகத்துல ஒரு படம். உருண்டையா ஒரு கட்டடம், முன்னால பெரிய பெரிய தூணு, கூரைக்கு நடுவுல ஒரு ஓட்டை. ஆசாரி மறந்து உட்ட ஓட்டை இல்லீங்க, வேணும்னே உட்டது. ரெண்டாயிர வருசமா அப்பிடியேதான் இருக்குதாம். சென்னியும் நானும் ஒரே பெஞ்சு. மழ பேஞ்சா உள்ள என்னடா ஆகும்னு கேட்டான் அவன். உள்ள கெணறு வெட்டியிருப்பான், தண்ணி அதுல விழுகும்னேன் நான். இல்லடா, தரையில ஓட்டை போட்டிருப்பான், தண்ணி அடியில போயிரும்னான் அவன். கெணறுன்னு நான், ஓட்டைன்னு அவன். வாத்தியார் ரெண்டு பேரையும் வெளிய நிக்க வெச்சாரு. வெளிய நின்னும் உடல. அவன் அப்பிடித்தான், சாகற வரைக்கும் விட்டுக் குடுக்க மாட்டான்.

சரி, விசயத்துக்கு வாரேன். ரோமுல போய் எறங்குனோம். மக்யா நாள், மறுநாக் காத்தால, ஓட்டல்ல பலகாரம் சாப்புட உக்காந்திருக்கோம், போன் அடிக்குது. சென்னி மக கவுசல்யா. அவனுக்கு ஒத்தப் புள்ளை, பொண்ணு. பெரியப்பா, அப்பா போயிட்டாருங்குது. அழுகல. அந்தப் புள்ளை அவங்கப்பனாட்டமே, அழுத்தக்காரி. நீங்க வாரீங்களா, வந்தா ஐஸ் பொட்டியில வெச்சிருக்கறோம், வல்லீன்னா நானே கொள்ளி வெச்சுக்கறேன்னுது.

நான் எங்கயம்மா வாரது, ரோமுல மாட்டிக்கிட்டேன்னேன்.

எங்க கூட்டத்துக்கு ஒரு வழிகாட்டிப் பையன் இருந்தான், கோகுல்னு, கோயமுத்தூர்ப் பையன். சாயந்திரப் பிளைட்டுல எடம் இருக்குது சார், மாத்திக் குடுக்கறேன்னான். நல்ல பையன். ஆனா நீங்களே சொல்லுங்க, அத்தன தூரம் போயிட்டு ஒண்ணையும் பாக்காமத் திரும்புனா ஊர்ல என்ன சொல்லுவாங்க? பேசாத பங்காளிக்காக ஓடி வந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா? அதுவும் இவன் செத்த நேரத்தப் பாருங்க. நான் போய் எறங்குன மக்யா நாளு. கெளம்பறதுக்கு முந்தி ரெண்டு மூணு தடவை போன்ல வேற கூப்புட்டான். நான் எடுக்கல. தடத்தப் பத்தித்தான் இருக்கும்னு உட்டுட்டேன்.

தடமா? அதச் சொல்லாம உட்டுட்டனா. ரோட்டுல இருந்து அவன் ஊட்டுக்குப் போற வழி என்ற தோட்டங்காட்டுக்குள்ளதானுங்க போகுது. எங்கப்பனும் சித்தப்பனும் பாகம் பிரிச்சப்ப வாய்ச்சொல்லா உட்ட தடம். ஒரு நாள் அவன் டிராக்டரு என்ற தென்னம்புள்ளை ஒண்ணு மேல ஏறிருச்சு. தெரியாம ஏறிருச்சுன்னான். தெரியாம எப்பிடி ஏறும்? அங்க புடிச்சது, கோர்ட்டு வரைக்கும் போயி, கடைசீல நான்தான் செயிச்சேன். தடத்துல ஒரு இரும்புக் கேட்டுப் போட்டுப் பூட்டுனேன். பச்சப் பெயிண்டு. அன்னீல இருந்து அவனும் அவன் ஊட்டுச் சனமும் வாய்க்காப்பாலம் சுத்தித்தான் போக்குவரத்து.

அந்தப் புள்ளை போன்ல கடைசியாக் கேட்டது அதத்தான். பெரியப்பா, கேட்டுச் சாவி யாருகிட்ட இருக்குது, அப்பாவத் தடத்து வழியாத் தூக்கிட்டுப் போயிரலாமான்னு.

சாவி எங்கிட்டத்தான் இருந்துது. இடுப்புப் பையில, பாஸ்போர்ட்டுகூட. ஊர்ல உட்டுட்டுப் போனா எவனாச்சும் எடுத்துத் தொறந்துட்டா என்ன பண்றது? சாவி இங்க ரோமுல இருக்குதம்மான்னேன். உள்ளதச் சொன்னேன். சரீங்க பெரியப்பான்னு வெச்சிருச்சு. பூட்ட ஒடச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்கறா ருக்மணி. ஒடைக்கறதா? அது கோர்ட்டுல செயிச்ச பூட்டுங்க தம்பி. வெங்கலப் பூட்டு.

பாடைய வாய்க்காப்பாலம் சுத்தித் தூக்கிட்டுப் போனாங்களாம். அன்னிக்கு வாய்க்கா மேட்டுல சேறாம். ரெண்டு எடத்துல எறக்கி வெச்சுத் தூக்குனாங்களாம்.

அத உடுங்க. தீட்டுக்கு வாரேன். சேதி வந்தாச்சு, தீட்டு வந்தாச்சு. கறி மீனு கெடையாது, கோயிலு கெடையாது. நான் ருக்மணிகிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டேன். அம்மிணி, நாம எங்கிருந்தாலும் முறை முறைதான். அவ என்னையவே பாத்தா. பாத்துட்டு, சரீங்கன்னா.

ஆனா ரோமுல என்னங்க இருக்குது? கோயிலத் தவுர வேற என்ன இருக்குது? எங்க திரும்புனாலும் கோயிலு. ஒரு சந்துக்கு மூணு கோயிலு. எல்லா எடத்துலயும் நான் கோகுல நிறுத்திக் கேப்பேன், தம்பி இது கோயிலா இல்லியா? கோயில்தான் சார். கூட்டம் பூராவும் உள்ள போயிரும். நான் படியில உக்காந்துக்குவேன். போப்பாண்டவர் கோயிலு, அத்தாப் பெருசு, அதையும் அப்பிடித்தான் பாத்தேன், வெளிய இருந்து. வெயில்ல புறாவுக்கு நடுவுல நின்னுட்டு.

கோகுல் ஒருக்காச் சொன்னான், சார், இது வேற சாமி, நம்ம ஊர்த் தீட்டு இவங்களுக்குத் தெரியாதுன்னு. ஏந்தம்பி, தெரியாத சாமின்னா மரியாதை கொறச்சுக்கலாமான்னு கேட்டேன். அவன் கூட்டத்தக் கூட்டிட்டு உள்ள போயிட்டான்.

ஒரு தண்ணித் தொட்டி இருக்குதுங்க, சனம் முதுகத் திருப்பி நின்னு காசு வீசற எடம். இது கோயில் இல்ல சார்னு சத்தியம் பண்ணான். சரின்னு கிட்டப் போனா மேல ஒரு சாமி செலை நிக்குது. கடல் சாமியாம். அப்பிடியே பின்னால வந்துட்டேன். தீட்டு இல்லாத எடம்னு ஒண்ணே ஒண்ணுதான் போனேன், அந்தக் காலத்துல ஆளையும் மிருகத்தையும் மோத உட்டு வேடிக்கை பாத்த எடம். அதுல தரைக்கடியில மிருகத்த அடைச்சு வெச்ச பொந்து பொந்தா இருக்குது. எட்டிப் பாத்தேன். அதுக்கு மேல நிக்கல, வெளிய வந்துட்டேன்.

சாப்பாடு அதுக்கு மேல. எல்லாரும் சப்புக் கொட்டிட்டு மீனும் கறியும் திங்கறாங்க, எனக்கு எந்த ஓட்டலுக்குப் போனாலும் தக்காளிச் சாறு ஊத்துன மாவுச் சேவை. அவன் அதுல என்னத்தையோ துருவிப் போடறான், வாடை அடிக்குது. ஊறுகாப் பாட்டல் கொண்டு போனதுனால உசுரு பொழச்சேன்.

இதுல ருக்மணி ஒரு பக்கம். அந்த ஊர்ல ஒண்ணுக்குப் போறதுக்குக் காசுங்க. ஒரு யூரோ. எங்க போய் நின்னாலும் சித்த நேரத்துல கைய நீட்டுவா, ஏனுங்க, ஒரு யூரோ குடுங்க, பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன்னு. நான் படியில உக்காந்திருப்பேன், அவ போயிட்டு மெதுவா வருவா. காத்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. எனக்குப் பயமாப் போச்சு. அம்மிணி, இது நல்லதில்லை, ஊருக்குப் போனதும் சுகர் பாக்கோணும்னேன். பாத்துக்கலாமுங்கன்னா. முகம் ஒரு மாதிரித் தெளிவா இருந்துது. சுகர் இருக்கறவங்களுக்கு அப்பிடி இருக்காதேன்னு எனக்குத் தோணவே இல்லீங்க.

கடைசி நாளு அந்த ஓட்டைக் கட்டடம். அதுக்காகத்தான நான் போனதே. படத்துல பாத்த அதே தூணு. கோகுலக் கூப்புட்டேன். தம்பி, இது கட்டடந்தான? கோயில் இல்லீல்லன்னேன். அந்தக் காலத்துல எல்லாச் சாமிக்கும் பொதுவாக் கட்டுன கோயில் சார், இப்ப மாதா கோயில்ங்கறான். தப்பிக்க வழியில்லாத கோயிலா இருக்குது. அப்பயுங் கோயிலு, இப்பயுங் கோயிலு.

போயிட்டு வாங்கப்பான்னு சொல்லிட்டுத் தூணுக்குக் கீழ நின்னுக்கிட்டேன். எல்லாரும் உள்ள போனாங்க. ருக்மணி காசு கேக்கல, பாத்ரூம் போறேன்னு மட்டும் சொல்லிட்டுக் கூட்டத்துல போயிட்டா.

அப்ப மழ வந்துதுங்க தம்பி.

சாமி சத்தியமாச் சொல்றேன், நல்ல மழ. எதுத்தாப்புல இருந்த கடைக்காரனெல்லாம் மேசைய மடக்கிட்டு ஓடறான். பின்னால கட்டடத்துக்குள்ள சனம் ஓன்னு சத்தம் போடுது. உள்ள மழ விழுகுது. ஓட்டை வழியா. நான் ஆறாவதுல இருந்து பாக்கோணும்னு நெனச்சது எனக்குப் பின்னால நடக்குது, பத்தடி உள்ள போனாத் தெரியும். வாசக் கதவு கோட்டைக் கதவாட்டம் ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்குது. யாரும் தடுக்கல. கால எடுத்து வெச்சா ஆச்சு. வெக்க முடியல. தூணப் புடிச்சுட்டு நின்னேன். ஒரு நிமிசம் அவன் மேல வந்த கோவம் இருக்குதே, இன்னும் ஒரு வாரம் உசுரோட இருந்தா என்னடான்னு வாய் விட்டே சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன வெள்ளக்காரப் பொம்பள திரும்பிப் பாத்தா.

பொழுதோட கடைசிச் சாப்பாடு. ஒரு பழைய ஊட்டு வாசல்ல மேசை போட்டு, கொடி பந்தல் எல்லாங் கட்டி, நல்ல எடம். டூர்க்காரங்க பெரிய விருந்து வெச்சாங்க. எனக்கு அதே சேவை. நான் தட்டப் பாத்துட்டு, எனக்குள்ளயே சொல்லிக்கற மாதிரிச் சொன்னேன், உள்ள மழ பேஞ்சிருக்குதே, தண்ணியெல்லாம் என்ன ஆயிருக்குமோன்னு.

ருக்மணி ரொட்டியப் பிச்சுட்டே சொல்றா, "தரையில சின்னச் சின்ன ஓட்டை இருக்குதுங்க. தண்ணி அதுல போயிருது."

கையில இருந்த முள்ளுக்கரண்டி அப்பிடியே நின்னு போச்சு. உனக்கெப்பிடித் தெரியும்னேன்.

"பாத்தனுங்க."

தீட்டோட உள்ள போனயான்னேன். போனேங்கறா. இங்க மட்டுமில்லீங்க, எல்லாக் கோயிலுக்கும் போனேங்கறா. அந்த ஊர்க் கோயில்ல மெழுகுவத்திக்குப் பதுலா சின்னச் சின்ன பல்பு வெச்சிருக்கறான், உண்டியல்ல காசு போட்டா ஒண்ணு எரியும். நான் பாத்ரூமுக்குக் குடுத்த காசெல்லாம் பல்பா எரிஞ்சிருக்குது தம்பி. சென்னிக்கு. ரோமாபுரி பூராவும்.

எனக்கு வந்துதே கோவம். நாலு பேரு இருக்கறாங்கன்னு பல்லக் கடிச்சுட்டு, முறை தெரியாதா உனக்குன்னேன். அவ சத்தம் போடல. "தீட்டுன்னா என்னங்க அர்த்தம்? கொழுந்தன் நம்ம சொந்தம்னுதான? சொந்தத்துக்கு ஒரு வெளக்கு வெச்சா என்ன தப்புங்க?"ன்னா.

பெரியவங்க பண்ணி வெச்ச முறைய இவ திருப்பிப் போடறா.

தரையப் பாக்கோணும்னு உனக்கெப்பிடித் தோணுச்சுன்னு கேட்டேன். எல்லாரும் மேலதான பாப்பாங்க. அப்பத்தான் சொல்றா, கொழுந்தன் கேட்டாருங்கன்னு. இவ அவன்கிட்டப் பேசிட்டுத்தான் இருந்திருக்கறா, அத்தன வருசமும். என்ற மக டெங்கு வந்து ஆசுபத்திரியில கெடந்தப்ப அவன் நாள் பூரா ஆசுபத்திரி கேட்டுப் படியில உக்காந்திருந்தானாம். நான் உள்ள இருக்கறேன்னு உள்ள வல்லை. பாருங்க அவன் வீம்ப. அத்தன தூரம் வந்தவன் உள்ள வந்தாக் கொறஞ்சா போயிருவான்? படி மேல உக்காந்துட்டு என்ன கவுரவம் வேண்டிக் கெடக்குது?

அவன் இவகிட்டச் சொன்னானாமுங்க, அண்ணன் ரோமு போறாராமே, நான் போன் பண்ணாலும் எடுக்க மாட்டீங்கறாரு, அந்த ஓட்டைக் கட்டடத்துல மழ பேஞ்சாத் தண்ணி எங்க போகுதுன்னு பாத்துட்டு வரச் சொல்லுங்கண்ணீ, அவரு சொன்னது சரியா நாஞ் சொன்னது சரியான்னு தெரியோணும்னு.

தடத்தப் பத்தி இல்லியாமுங்க தம்பி. போன் பண்ணது.

சேவை ஆறிப் போச்சு. ஒரு பையன் வந்து தட்ட எடுத்துக்கலாமான்னு சாடை காட்டுனான், எடுத்துக்கப்பான்னேன். ருக்மணி என்ற பக்கம் திரும்பாமயே சொன்னா, "கதவெல்லாந் தொறந்துதாங்க இருந்துச்சு. நீங்கதான் வல்லை."

நீங்க சொல்லுங்க தம்பி. முறையக் காத்தது நானு. வெயில்லயும் மழையிலயும் நின்னது நானு. ஊரு பூராச் சுத்திப் பாத்தது அவ. நாஞ் செஞ்சதுல என்ன தப்பு? ஊருக்கு வந்து மொத வேலையா சுகர் பாத்தோம். அவளுக்கு ஒண்ணுமில்லை. எனக்குத்தான் ஏறிக் கெடக்குதாம்.

நேத்தே கெளம்பிட்டா அவ. கருமாதிக்கு முந்துன நாளே போயி ஒத்தாசை பண்ணோணும்னு. நீங்க வாரீங்களான்னு கேக்கல. செருப்பு மாட்டிட்டு வாசல்ல நின்னுட்டுச் சொல்றா, சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க, நான் பாலஞ் சுத்தியே போய்க்கறேன்னு. கையில ஒரு பை. அதுல என்னன்னு எட்டிப் பாத்தேன். படையலுக்கு அவனுக்குப் புடிச்ச கச்சாயமும் முறுக்கும். பக்கத்துல ரோமுல வாங்குன அந்தக் கட்டடத்துப் படம் ஒண்ணு, அட்டையில.

ராத்திரி தூக்கம் வல்லை. நமக்குத் தீட்டுக் கழியோணுமில்லீங்க, பங்காளிக எல்லாரும் ஒட்டுக்காத் தலைக்கு ஊத்திக்கிட்டாத்தான கழியும்? அதுக்காகத்தான் கெளம்பி வந்தேன். வேற ஒண்ணுமில்லை. வாய்க்காப்பாலத்துக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன். பாலத்துல எறங்குனா ஊரே நிக்கும். பாடையத் தூக்குன அத்தன பேரும் நிப்பாங்க. அவங்க கூடவே அந்த வாய்க்கா மேட்டுல நடந்து போகோணும். அதே சேத்துல.

எங்க ஊர்ப் பிரிவு ரோடு வந்துருச்சா? அதா பாருங்க, வேலிக்கு நடுவுல. பச்சக் கேட்டு. அதுக்குப் பொறகால நேராத் தெரியறதுதான் அவன் ஊடு. பந்தல் போட்டிருக்காங்க பாருங்க. கிட்டத்துலதான் இருக்குது. எனக்கு என்னமோ ரொம்பத் தூரம்னு நெனப்பு.

ஓட்டைதாண்டா இருக்குது, நீ சொன்னதுதான் சரின்னு சொல்லோணும் தம்பி. வேற யாருக்குச் சொன்னாலும் வெளங்காது. யாருகிட்டப் போயிச் சொல்றது?

கண்டக்டர், இங்கயே சித்த நிறுத்துங்க. ஆமா, டிக்கெட்டு பாலத்துக்குத்தான், பரவால்லை, நிறுத்துங்க. தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு வழி உடுங்க. சாவியா? இதா, இடுப்புலயேதான் இருக்குது. ரோமுல இருந்து வந்து இன்னுங் கழட்டல. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்களும் எறங்கி அந்தக் கேட்டு வரைக்கும் வாரீங்களா? பூட்டு தொறக்காமயே இறுகிக் கெடக்கும், ஒருத்தர் கேட்ட இறுக்கிப் புடிச்சாத்தான் சாவி திரும்பும். பின்னாலயே அடுத்த பஸ்சு வரும், நானே ஏத்தி உடறேன்.